பாம்பன் பாலத்துக்குக் கீழ வாடைக் கடல்: எச்ஓ ஸ்கேல் லேஅவுட்ல தண்ணி பண்ணுன முழு விவரம்

மாடல் ரயில் லேஅவுட்ல, அதாவது சின்ன ரயில் ஓடுற குட்டி நிலக்காட்சில, தண்ணின்னு பேச்சு வந்தாலே எல்லாரும் முதல்ல கேக்குறது எந்த ரெசின் (ஊத்துனா கண்ணாடி மாதிரி இறுகுற பிசின்) வாங்கலாம்னுதான். நாங்க பாம்பன் பழைய ரயில் பாலத்துல ஒரு துண்ட எச்ஓ ஸ்கேல்ல, அதாவது நிஜத்துல 87ல ஒரு பங்கு அளவுல, செஞ்சப்போ அந்தக் கேள்வி கடைசியாத்தான் வந்துச்சு, வந்தப்போ அதுக்கு கிட்டத்தட்ட வேலையே இல்லாமப் போச்சு. எந்த மாசத்துக் கடல், காத்து எந்தப் பக்கத்துல இருந்து அடிக்குது, பாக்குறவங்க கண்ணு எந்த உயரத்துல இருக்கு, இந்த மூணையும் முடிவு பண்ணிட்டா கலர், அலை, நுரை, படகு நிக்கிற திசை, ஏன் பலகை இணையுற கோட்ட எங்க மறைக்கிறதுங்கறது வரைக்கும் தானா வந்து விழுந்துடுது. அது எப்படி நடந்துச்சுன்னு படிப்படியா எழுதுறேன், கடல் பண்ண நினைக்கிறவங்களுக்கு உதவும்.

முதல்ல பாலத்தப் பத்தி. 1914 பிப்ரவரில தொறந்த பாலம், நீளம் சுமார் 2.06 கி.மீ., 40 அடி கண்ணு (ரெண்டு தூணுக்கு நடுவுல இருக்குற இடைவெளி) 145, நடுவுல கப்பல் போறதுக்கு ரெண்டு பாதியா மேல தூக்குற ஷெர்சர் தூக்குப்பாலம். 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடியோட சேர்ந்து பாலத்தோட பெரும்பகுதி கர்டரும் (தூணுக்குத் தூண் போடுற இரும்பு உத்தரம்) போயிருச்சு, தூக்குப்பாலம் மட்டும் நின்னுச்சு. 2007 வரைக்கும் மீட்டர் கேஜ் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்), அப்புறம் பிராட் கேஜ். 2022 டிசம்பர்ல வண்டி நின்னுச்சு, 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் தொறந்தாங்க. நாங்க எடுத்துக்கிட்டது மீட்டர் கேஜ் காலம், அதுலயும் 1988ல ரோடு பாலம் வர்றதுக்கு முன்னாடி. காரணம் எளிமையானது, ரெண்டு பக்கமும் வெறும் கடல்தான் இருக்கும், கண்ணு வேற எங்கயும் ஓடாது. எச்ஓன்னா 87ல ஒண்ணு, மீட்டர் கேஜ் தண்டவாளம் சுமார் 11.5 மி.மீ., அதுக்கு 12 மி.மீ. டிராக் இருக்கு. முழுப் பாலத்தையும் பண்ணணும்னா கிட்டத்தட்ட 24 மீட்டர் வேணும், எந்த வீட்டுலயும் இடம் பத்தாது. அதனால 4 அடிக்கு 2 அடில மூணு பலகை, சேர்த்து வெச்சா 12 அடி. நிஜத்துல அது 318 மீட்டர் நீளக் கடல், ஆனா அகலம் வெறும் 53 மீட்டர்தான். இந்த 53 மீட்டர்ங்கற எண்ண நான் ரொம்ப நேரம் யோசிச்சேன், ஏன்னா அவ்வளவு குறுகுன துண்டுல "பெரிய கடல்"னு ஒரு உணர்வ கொண்டு வரணும்னா ஒவ்வொரு அலையும் சரியா இருந்தாத்தான் முடியும்.

எங்க குழுல முன்னாடியே ஒரு கடல் பலகை இருந்துச்சு. நீலச் சாயம் கலந்த எபாக்ஸிங்கற ரெசின நல்லா தடியா ஒரே தடவைல ஊத்துனது. செஞ்ச புதுசுல பளபளன்னு எல்லாருக்கும் புடிச்சுச்சு. வெயில் வர்ற ஜன்னல் பக்கமா இருந்ததால கொஞ்ச நாள்ல மஞ்சளடிச்சு நீலம் பச்சையாப் போயிருச்சு, ஓரத்துல ஒரு விரிசல், தூணச் சுத்தி ரெசின் மேல ஏறி கண்ணாடி மாதிரி காஞ்சு நிக்கும். இதெல்லாம்கூட சரி பண்ணிடலாம். பெரிய பிரச்சனை என்னன்னா அது எந்தக் கடலும் இல்ல. காத்து இல்ல, நேரம் இல்ல, ஊர் இல்ல. அதனாலதான் அடுத்ததுல முதல்ல ஊரையும் மாசத்தையும் புடிப்போம்னு முடிவாச்சு.

எந்தக் கடல்

பாம்பன்ல வடக்குப் பக்கம் பாக் விரிகுடா, தெக்குப் பக்கம் மன்னார் வளைகுடா. வாடைக்காத்து (வடகிழக்குல இருந்து அடிக்குறது) மாசங்கள்ல, அதாவது ஐப்பசி கார்த்திகைல ஆரம்பிச்சு தை வரைக்கும் வடக்குக் கடல் கொந்தளிக்கும், தெக்கு அடங்கி இருக்கும். கச்சான் (தென்மேற்குக் காத்து) அடிக்குற மாசங்கள்ல அப்படியே தலைகீழ். பாலத்துக்கு அடில ஓடுற நீரோட்டமும் காலத்துக்குத் தகுந்த மாதிரி திசை மாறும், வாடைல வடக்குல இருந்து தெக்க, கச்சான்ல தெக்குல இருந்து வடக்க. அங்க படகு வெச்சிருக்குறவங்களும் அதுக்குத் தகுந்த மாதிரி படக இந்தக் கரைல இருந்து அந்தக் கரைக்கு மாத்திக் கட்டுவாங்க.

நாங்க வாடைய எடுத்தோம், மாசம் மார்கழி கடைசி. பாக்குறவங்க தெக்குப் பக்கம் நின்னு வடக்க பாக்குற மாதிரி பலகைய அமைச்சோம். இதுக்கு ரெண்டு காரணம். மார்கழில சூரியன் தெக்கு வானத்துல சாஞ்சுதான் போகும், அதனால வெளிச்சம் பாக்குறவங்க முதுகுக்குப் பின்னால இருந்து வரும், கடல்ல கண்ணக் கூசுற வெள்ளி மினுமினுப்பு இருக்காது, தண்ணியோட சொந்தக் கலர் நல்லாத் தெரியும். லேஅவுட்ல லைட் எப்பவும் முன்னாடி மேலதான் மாட்டுவோம், ஆக நிஜமும் லைட்டும் ஒரே திசைல ஒத்துப்போகும். ரெண்டாவது காரணம் இத விடப் பெருசு. வாடை காலத்துல அந்த ஆழமில்லாத கடல்ல மண்ணு கலங்கி தண்ணி பச்சையும் சாம்பலுமா இருக்கும், அடி தெரியாது. அடி தெரியாத தண்ணிக்கு கண்ணாடி மாதிரி ரெசின் எதுக்கு? பெயிண்ட்டும் ஜெல்லும் போதும். சித்திரைல வெயில்ல தெளிவாக் கெடக்குற கடல எடுத்திருந்தா மொத்த வேலையும் வேற மாதிரி ஆகியிருக்கும். மாசம்தான் பொருளத் தீர்மானிக்குதுன்னு நான் சொல்றது இதத்தான்.

கண்ணோட உயரம் இன்னொரு விஷயம், இத நெறைய பேர் கணக்குல எடுக்குறதே இல்ல. எங்க பலகைல கடல் மட்டம் தரைல இருந்து 1.2 மீட்டர். நிக்கிறவங்க கண்ணு சுமாரா 1.6 மீட்டர்னு வெச்சுக்கிட்டா தண்ணிக்கு மேல 40 செ.மீ., நிஜ அளவுல அது 35 மீட்டர். அதாவது லேஅவுட் பாக்குறவங்க கரைல நிக்கல, ஒரு கலங்கரை விளக்கத்து மேல நிக்கிறாங்க. தண்ணிய நேரா மேல இருந்து பாத்தா மேல்பரப்பு வானத்த 2 சதவீதம்தான் பிரதிபலிக்கும், மீதி எல்லாம் தண்ணிக்குள்ள இருந்து வர்ற கலர். ரொம்பத் தாழ்ந்த கோணத்துல, தண்ணிமட்டத்துல இருந்து ஒரு பத்து டிகிரிக்குப் பாத்தா மூணுல ஒரு பங்குக்கு மேல வானம்தான். கரைல நின்னு மொபைல்ல எடுத்த படத்துல கடல் நீலமா வெளுப்பாத் தெரியுறது அதுல முக்கால்வாசி வானம்ங்கறதாலதான். அந்தப் படத்தப் பாத்து பலகைக்குக் கலர் அடிச்சா கண்டிப்பாத் தப்பா வரும், ஏன்னா பலகைய நாம பாக்குறது உசரத்துல இருந்து. அதனால மாதிரிப் படம் எல்லாம் ரோடு பாலத்து மேல நின்னு கீழ பாத்து எடுத்ததா மட்டும் வெச்சுக்கிட்டோம். எங்க மாடல்ல இல்லவே இல்லாத ஒரு பாலம்தான் அந்த மாடலோட கலருக்கு வழிகாட்டுச்சு.

அந்தப் படங்கள பாம்பன்ல விசைப்படகு வெச்சிருக்குற ஒரு அண்ணன்கிட்ட காட்டி எங்க வரைபடத்தையும் காட்டுனேன். அவர் கலரப் பத்தியோ அலையப் பத்தியோ ஒண்ணும் சொல்லல. படகுங்க ஆளுக்கொரு திசைல நிக்குதேன்னு மட்டும்தான் கேட்டார். நங்கூரம் போட்ட படகு எல்லாம் காத்துக்கும் ஓட்டத்துக்கும் மூஞ்சியக் காட்டித்தான் நிக்கும், எல்லாம் ஒரே பக்கம். வாடைல அது வடக்கும் வடகிழக்கும். அந்த ஒரு விஷயத்த மாத்துனதுமே வரைபடத்துலயே காத்து அடிக்க ஆரம்பிச்சுருச்சு, அவ்வளவு வித்தியாசம்.

நிஜத் தண்ணி ஏன் வேணாம்

யாராச்சும் கண்டிப்பாக் கேப்பாங்க, அதனால இதயும் சொல்லிடுறேன். ஜெர்மனில ஹாம்பர்க் நகரத்துல இருக்குற மினியேச்சர் வுண்டர்லாண்ட்ல 2005ல தொறந்த ஸ்காண்டிநேவியா பகுதில 30,000 லிட்டர் நிஜத் தண்ணி இருக்கு, கப்பல் நிஜமாவே மிதந்து போகும், நீர்மட்டம் ஏறி இறங்குறதையும் காட்டுவாங்க. அவங்களுக்கு நிஜத் தண்ணி தேவை, ஏன்னா அங்க காட்சியே நகர்ற கப்பல்தான், அதப் பராமரிக்க ஆளும் இருக்கு. ஆனா தண்ணிய 87ல ஒண்ணா சுருக்க முடியாது. பரப்பு இழுவிசைனால தண்ணி ஓரத்துலயும் தூணச் சுத்தியும் ரெண்டு மூணு மில்லிமீட்டர் வளைஞ்சு ஏறும், எச்ஓல அது 20 செ.மீ. கிட்ட, ஒரு சாண் உசரத்துக்கு கடல் தூணப் புடிச்சு ஏறி நிக்கிற மாதிரி. அலையோட வேகமும் ஒத்து வராது, 87க்கு வர்க்கமூலம் 9.3, சின்னத் தொட்டில அலை அத்தன மடங்கு படபடன்னு போறதா கண்ணுக்குத் தெரியும். பழைய சினிமால பொம்மைக் கப்பல் காட்சிய ஹை ஸ்பீட்ல எடுத்து மெதுவா ஓட்டுனதுக்கு இதுதான் காரணம். நேர்ல பாக்குற லேஅவுட்ல அந்த வழி கிடையாது. அசையாத தண்ணில ஒரு நொடியப் புடிச்சு வெக்கிறதுதான் எனக்கு உண்மையாப் படுது.

சோதனைத் துண்டுங்க

எம்டிஎஃப் (மரத்தூள அழுத்திச் செஞ்ச பலகை) துண்டுங்கள்ல கைல கிடைக்கிற எல்லாத்தையும் போட்டுப் பாத்தோம், சென்னைல ஒரு மழைக்காலம் முழுக்க மூடாத ரூம்ல வெச்சோம். நம்ம ஊர் ஈரத்துல என்ன தாங்கும்ங்கறதுதான் கேள்வி, வெளிநாட்டு வீடியோல இதுக்குப் பதில் கிடைக்காது.

ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை காஞ்சப்போ கண்ணாடியா இருந்துச்சு, மழை ரெண்டு நாள் தொடர்ந்து பெஞ்சதும் பால் மாதிரி வெளுத்து தொட்டா ஒட்டுச்சு. பசையா அடில போடுறதுக்கு நல்லது, மேல்பரப்புக்கு வேணாம். கிளாஸ் ஜெல் மீடியம், அதாவது அக்ரிலிக் பெயிண்ட்காரங்க போடுற அந்தக் கெட்டி ஜெல், மெல்லிசா போட்டா தெளிவாக் காஞ்சு நிக்குது. தடியாப் போட்டா உள்ள ஈரம் மாட்டிக்கிட்டு வாரக்கணக்குல வெள்ளையா இருக்கு, அதோட தண்ணி ஆவியாகும்போது சுருங்குறதால நாம எழுப்புன அலை முனையெல்லாம் உக்காந்துடுது. சுவருக்கு அடிக்குற அக்ரிலிக் புட்டில கொஞ்சம் ஃபெவிகால் கலந்தா அலை நல்லா நிக்குது, பலகை கொஞ்சம் வளைஞ்சாலும் வெடிக்கல. டிஷ்யூ பேப்பர ஒத்த மடிப்பா பிரிச்சு, தண்ணி கலந்த ஃபெவிகால்ல ஒட்டி, ஈரமா இருக்குறப்போவே பிரஷ்ஷால குத்துனா சின்னச் சின்ன நெளிவு அப்படியே காஞ்சு நிக்கும், இத இங்க பெருசா யாரும் சொல்றதில்ல ஆனா அமைதியான தண்ணிக்கு இதவிட நல்லது நான் பாக்கல.

பாலியஸ்டர் ரெசின் ஒரு துண்டுல ஊத்துனோம், நாத்தம் தாங்கல, அதுல இருக்குற ஸ்டைரீன் தெர்மாகோல அரிச்சுடும், காயும்போது சுருங்கும். எபாக்ஸி நல்லாத்தான் இருந்துச்சு, மெல்லிசா ஊத்துற வரைக்கும். தடியா ஊத்துனா அதுக்குள்ளயே சூடு ஏறும், அடில தெர்மாகோல் இருந்தா அந்தச் சூட்டுக்கு உருகிடும். நம்ம ஊர் வெயில்ல சூடு இன்னும் சீக்கிரம் வரும், பொதுவா பத்து டிகிரி ஏறுனா கைல இருக்குற நேரம் பாதியாக் குறையும்னு கணக்கு வெச்சுக்கலாம்.

இதுல இருந்து எடுத்த முடிவு: கடல் முழுக்க புட்டி, டிஷ்யூ, பெயிண்ட், ஜெல், கிளாஸ் வார்னிஷ். ரெசின் ஒரே ஒரு இடத்துல, பாம்பன் கரைப் பக்கம் பாறைங்களுக்கு நடுவுல தேங்கி நிக்கிற ரெண்டு கை அகலத் தண்ணில மட்டும்.

அலையோட கணக்கு

இந்த வேலைல எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதி இதுதான், நிதானமாச் சொல்றேன்.

மாடல் கடல் பொம்மையாத் தெரியுறதுக்குப் பெரும்பாலும் கலர் காரணம் இல்ல, அலை பெருசா இருக்குறதுதான். ஜெல்ல பிரஷ்ஷால குத்தி 5 மி.மீ.க்கு ஒரு முனையா 3 மி.மீ. உசரத்துக்கு எழுப்புவாங்க. எச்ஓல 3 மி.மீ.ன்னா 26 செ.மீ. அலை, அது பரவாயில்ல, சாதாரண சலசலப்புதான். ஆனா 26 செ.மீ. அலை 43 செ.மீ.க்கு ஒண்ணா நிக்கவே முடியாது. அலையோட உசரம் அதோட நீளத்துல ஏழுல ஒரு பங்க தாண்டுனா அது உடைஞ்சுடும், இது கடலோட விதி. காத்துல எழும்புற சாதாரண அலைல உசரம் நீளத்துல பதினஞ்சுல ஒண்ணோ இருவதுல ஒண்ணோதான் இருக்கும். அப்போ 3 மி.மீ. அலைக்கு முகட்டுக்கு முகடு 5 செ.மீ. கிட்ட வேணும். இத முதல் தடவ ஸ்கேல் வெச்சு பென்சில்ல கோடு போட்டப்போ எங்க எல்லாருக்குமே "இவ்வளவு தள்ளியா"ன்னு தோணுச்சு. புட்டி போட்டு முடிச்சுப் பாத்தா, அப்பதான் அது கடலா மாறுச்சு.

எங்க பலகைல வடக்கு ஓரத்துல, அதாவது பின்னாடி, 3 மி.மீ. உசரம் 5 செ.மீ. இடைவெளி. பாலத்துத் தூணுங்களுக்கும் அங்க கெடக்குற பாறைங்களுக்கும் நடுவுல அலை உடைஞ்சு தெக்கப் பக்கம் வர்றப்போ அடங்கும், அதனால முன்னாடிப் பக்கம் ஒண்ணு ஒண்ணரை மி.மீ.தான், அதுக்கும் மேல டிஷ்யூ நெளிவு. முகட்டுக் கோட்டோட திசை காத்துக்குக் குறுக்கா போகணும். வாடை வடகிழக்குல இருந்து வருது, தெக்க நின்னு பாக்குறவங்களுக்கு அது தூரத்து வலது மூலைல இருந்து வரும், ஆக அலை முகடு தூரத்து இடது மூலைல இருந்து பக்கத்து வலது மூலைக்கு சாய்வா ஓடணும். ஸ்கேல் வெச்ச மாதிரி நேர் கோடா இல்ல, ஒவ்வொரு முகடும் ஒரு சாண் ரெண்டு சாண் ஓடி மறைஞ்சு, பக்கத்துல இன்னொண்ணு ஆரம்பிக்கணும். புட்டி ஈரமா இருக்கும்போது பழைய ஏடிஎம் கார்ட சாய்ச்சுப் புடிச்சு இழுத்தோம், காஞ்சப்புறம் உப்புக் காகிதத்தால முனைய மட்டும் மழுக்குனோம்.

நீரோட்டம் தனி. அது நேரா வடக்குல இருந்து தெக்க, பாக்குறவங்களப் பாத்தே வருது. ஒவ்வொரு தூணுக்கும் வடக்கு முகத்துல தண்ணி லேசா ஏறி நிக்கும், தெக்குப் பக்கம் "வி" வடிவுல ரெண்டு கோடு விரிஞ்சு போகும். பாலத்துக் கண்ணு 14 செ.மீ., தூணோட அகலமும் சேர்ந்தா அடுத்தடுத்து ஒரே இடைவெளில ஒரே திசைல இந்த "வி" வரிசையா வரும், அதுக்குக் குறுக்கா சாய்வா காத்தலை. இந்த ரெண்டு திசையும் குறுக்கப் போறதுதான் அந்த இடத்தோட முகம். தண்ணி எங்கயோ போய்க்கிட்டு இருக்குன்னு பாக்குறவங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

பலகை இணையுற கோட்ட என்ன பண்றதுன்னு அதுவரைக்கும் தெரியல. மூணு பலகைன்னா ரெண்டு கோடு, கடலக் குறுக்க வெட்டி முன்னாடி வரைக்கும் வரும், நிலத்துலன்னா வேலியோ புதரோ வெச்சு மறைக்கலாம், கடல்ல என்னத்த வெக்கிறது. ஆனா ஓட்டம் வடக்கு தெக்கா போகுதுல்ல, இணைப்புக் கோடும் வடக்கு தெக்காத்தான் போகுது! தூணுங்கள கொஞ்சம் நகர்த்தி இணைப்பு சரியா ஒரு தூணோட தெக்கு முகத்துல விழுற மாதிரி வெச்சோம், அந்தத் தூணுல இருந்து வர்ற நுரைக் கோடு அந்த இணைப்பு மேலயே ஓடுது. கச்சான் காலத்த எடுத்திருந்தா ஓட்டம் வடக்க போயிருக்கும், "வி" எல்லாம் பாலத்துக்குப் பின்னாடி விழுந்து இந்த மறைப்பு கிடைச்சிருக்காது.

கலரும் பளபளப்பும்

பலகை 12 மி.மீ. பிளைவுட், அடிச்சதும் வுட் பிரைமர் ரெண்டு கோட், ரசமட்டம் வெச்சு மட்டம் பாத்து அப்புறம்தான் புட்டி.

கலர்ல நீலம் மட்டும் கைல எடுக்கக்கூடாது. தாலோ பச்சை, அதுல பாதி தாலோ நீலம், கொஞ்சம் ரா அம்பர் (மண்ணு மாதிரி பழுப்பு), வெள்ளை. அந்த அம்பர்தான் நீச்சல்குளத்துக் கலரக் கொன்னு கலங்கல் தண்ணியாக்கும். கரைப் பக்கம் போகப் போக ஓக்கரும் (மண் மஞ்சள்) வெள்ளையும் கூட்டணும், மணல் அடில தெரியுற மாதிரி. பாக் விரிகுடால கடல்புல் படர்ந்த இடம் நெறைய, மேல இருந்து பாத்தா கரும்பச்சைத் திட்டா தெரியும், பின்னாடி அங்கங்க ஓரம் கலங்குன மாதிரி ஒண்ணு ரெண்டு திட்டு வெச்சோம். எல்லாத்தையும் ஈரத்தோட ஈரமா கலந்துடணும், காஞ்சதுக்கு மேல அடிச்சா கோடு தெரியும். ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி அடிச்சுக்கிட்டே வேலை பாத்தா மே மாச வெயில்லகூட முடியும்.

அப்புறம் ஒவ்வொரு அலைக்கும் ரெண்டு பக்கம் இருக்கு. நம்மளப் பாத்து சாயுற பக்கத்துல நாம தண்ணிக்குள்ள பாக்குறோம், அது கருத்த பச்சை. நம்மள விட்டு அந்தப் பக்கம் சாயுறதுல வானம் தெரியும், அது வெளுத்த சாம்பல் நீலம். காஞ்ச பிரஷ்ல இந்த வெளுத்த கலர எடுத்து அலையோட முதுகுல மட்டும் லேசா தடவுனா போதும். முகட்டுல நூல் மாதிரி ஒரு வெளிர் பச்சை, அலையோட மெல்லிசான நுனிக்குள்ள வெளிச்சம் புகுந்து வர்ற கலர் அது.

இதுக்கு மேல கிளாஸ் ஜெல் ஒரு மி.மீ.க்கும் கம்மியா ரெண்டு கோட், மேல கிளாஸ் வார்னிஷ். காத்தடிச்ச கடல் அவ்வளவு மின்னாதேன்னு சிலர் சாட்டின் வார்னிஷ் (பாதிதான் மின்னுறது) அடிக்கச் சொல்வாங்க, நான் ஒத்துக்கல. கடல் மங்கலாத் தெரியுறது ஆயிரம் சின்னச் சரிவும் ஆளுக்கொரு பக்கம் மின்னுறதாலதான், ஒவ்வொரு சரிவும் தனியா முழுப் பளபளப்புதான். உருவத்துல சொரசொரப்பு வேணும், வார்னிஷ்ல வேணாம்.

நுரை கடைசில, அதுக்கு மேல வார்னிஷ் கிடையாது, ஏன்னா நுரை மின்னாது. காத்து மணிக்கு ஏழெட்டு கடல் மைல் தாண்டுனாத்தான் அலை முகட்டுல வெள்ளை அங்கங்க எட்டிப் பாக்கும். நாங்க புடிச்சது அந்த அளவுதான், அதனால மூணு பலகைக்கும் சேர்த்து கொஞ்சம்தான், அதுவும் பின்னாடிதான் அதிகம். பிச்ச ஸ்பாஞ்ச் நுனில டைட்டானியம் வெள்ளை. பாறைல அடிச்சுத் தெறிக்கிறதுக்கு தலகாணிப் பஞ்சுல நாலு இழை எடுத்து ஜெல்லுல தோச்சு வெச்சது, வடக்கு முகத்துல மட்டும். தெக்குப் பக்கம் பாறைக்கு நுரை வெச்சா மொத்த காத்துக்கதையும் பொய்யாயிடும்.

தூணுல ஈரக் கோடு முக்கியம். அங்க ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் கம்மி, அதனால 8 மி.மீ. உசரத்துக்கு கருத்த பச்சைப் பாசி, அதுக்கு மேல ஒட்டுச்சிப்பி காஞ்ச வெளுப்பு, அதுக்கு மேல சாதாரண கல்லு. இந்தக் கோடு எல்லாத் தூணுலயும் ஒரே மட்டத்துல இருக்கணும், ஒரு மி.மீ. ஏறி இறங்குனாகூட கண்ணு புடிச்சுக்கும். பழைய கிரெடிட் கார்டுல ஒரு அளவுக்கட்டை வெட்டி எல்லாத் தூணுக்கும் அதையே வெச்சு கோடு போட்டோம். படகுங்கள அடிப்பாகத்த நீர்க்கோட்டுல அறுத்து ஒட்டுனோம், மூக்குல இருந்து ஒரு நூல் இழை விறைப்பா வடகிழக்கப் பாத்து தண்ணிக்குள்ள போகுது, ஃபெவிக்விக் ஒரு சொட்டு.

அந்த ஒரு இடத்து ரெசின்

பாறைக்கு நடுவுல தேங்குன தண்ணி மட்டும் தெளிவு, அடில மணலும் பவளக் கல்லுத் துண்டும் தெரியணும். மணல ஒட்டி காயவெச்சு மேல வார்னிஷ் ரெண்டு கோட் அடிச்சு அடைச்சோம், இல்லன்னா மணலுக்குள்ள இருக்குற காத்து ரெசின் இறுகுற வரைக்கும் குமிழா வந்துகிட்டே இருக்கும். ஊத்துனது 3 மி.மீ.யா ரெண்டு தடவ. எபாக்ஸியோட ஒளிவிலகல் எண் சுமார் 1.5, அதனால 6 மி.மீ. ரெசின் கண்ணுக்கு 4 மி.மீ. ஆழமாத்தான் தெரியும், எச்ஓல அது 35 செ.மீ., முழங்காலுக்குக் கீழ. அந்த இடத்துக்கு அது சரி. பெட்டில போட்டிருக்குற விகிதம் எடைக்கா அளவுக்கான்னு பாத்துக்கணும், ரெண்டும் ஒண்ணில்ல. மெதுவாக் கலக்கி, ஓரத்தச் சொரண்டி, இன்னொரு கப்புக்கு மாத்தி மறுபடி கலக்குனா பிசுபிசுப்பு வராது. மழை இல்லாத காலைல ஊத்துனோம். ஈரக் காத்துல எபாக்ஸி மேல எண்ணெய் மாதிரி வெண்படலம் வரும், வந்தா வெதுவெதுப்பான தண்ணில துடைச்சுட்டுத்தான் அடுத்த கோட். பாறைல ரெசின் ஏறுன ஓரத்துக்கு மேட் (மின்னாத) வார்னிஷ், அதுமேல பாசிக் கலர், முடிஞ்சுச்சு.

வெச்சுப் பாத்தப்போ

பின்திரைல அடிவானம் பாக்குறவங்க கண்ணு மட்டத்துல இருக்கணும்ங்கறதுதான் விதி, எங்களுக்கு அது தண்ணிக்கு மேல 40 செ.மீ. ஆனா குழந்தைங்களும் பாப்பாங்க, அவங்க கண்ணுக்கு அது வானத்துல தொங்குற கடல். 18 செ.மீ.ல வெச்சு, கோடே தெரியாத அளவுக்கு மார்கழி மூட்டமா கலந்துவிட்டோம். பெரியவங்களுக்கும் சின்னவங்களுக்கும் ரெண்டு பேருக்குமே உறுத்தல.

எல்இடி பட்டைய அப்படியே மாட்டுனா ஒவ்வொரு சின்ன பல்பும் ஒவ்வொரு அலைலயும் தனித்தனிப் புள்ளியாத் தெரியுது, வரிசையா சீரியல் செட்டு போட்ட மாதிரி. பால் கலர் அக்ரிலிக் ஷீட் முன்னாடி வெச்சதும் அது ஒரே மெத்துன வெளிச்சமா மாறி, கடலுக்கு மூட்டம் போட்ட வானம் கிடைச்சுருச்சு. மஞ்சள் லைட் இருக்குற ஹால்ல வெச்சா பச்சை செத்துடுது, அதனால சொந்த லைட்டோடதான் இனிமே எடுத்துட்டுப் போகணும். பக்கவாட்டுல நின்னு குனிஞ்சு பாத்தா இணைப்புக் கோடு தெரியத்தான் செய்யுது, நேரா நிக்கிறவங்களுக்குத் தெரியல.

அக்ரிலிக் வார்னிஷ் வெக்கைல லேசா இளகும், பலகைய ஒண்ணுமேல ஒண்ணா தொடுற மாதிரி அடுக்குனா ஒட்டிக்கும். நாலு மூலைலயும் கட்டை வெச்சு எதுவும் படாம பெட்டி அடிச்சுருக்கோம். தூசிக்கு மெத்துன மேக்கப் பிரஷ், அதுக்கு மேல தேவைன்னா லேசா நனைச்ச மைக்ரோஃபைபர் துணி, அலையோட திசைலயே துடைக்கணும்.

அடுத்தது தூக்குப்பாலம் இருக்குற பலகை. அங்க கால்வாய் மத்த இடத்த விட ஆழம், கலர் கருத்துப் போகணும், ஓட்டமும் குவிஞ்சு வேகமா வரும், தூணு ரெண்டும் பெருசு. அதுக்கு "வி" எவ்வளவு தூரம் விரியணும், நுரை எங்க முடியணும்ங்கறதுக்கு இந்த வாடைல எடுக்குற படங்களப் பாத்துட்டுத்தான் புட்டிய எடுப்போம்.